மூலச் சான்றைத் தேடுவோம்

வரலாறு என்பது கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதன்று; அக்காலத்தவர் எழுதி வைத்ததைத் தேடிக் கண்டு, எடைபோட்டுச் சொல்வதே வரலாறு. ஒரு நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே அதனோடு தொடர்புடையோர் விட்டுச்சென்ற கல்வெட்டு, கடிதம், நாட்குறிப்பு, கணக்கு, அரசாங்கப் பதிவு ஆகியவை மூலச் சான்றுகள் எனப்படும். அவற்றை ஆதாரமாகக் கொண்டு பிற்காலத்தார் இயற்றிய நூல்கள் வழிச் சான்றுகள். இரண்டும் நமக்கு வேண்டியவையே. எனினும், ஐயம் எழும்போது நாம் நாட வேண்டியவை மூலச் சான்றுகளே.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழருக்கு இச்சான்றுகள் முன்னாளில் எட்டாக்கனியாக இருந்தன. சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்துக்கு நேரில் சென்று, நாட்கணக்கில் தங்கிப் படிக்க எத்தனை பேரால் இயலும்? இன்று அவற்றுள் ஒரு பகுதி இணையத்தின் வழியே வீட்டு மேசைக்கே வந்துவிட்டது. எங்கே தேடுவது, கிடைத்ததை எவ்வாறு படிப்பது என்பதை மட்டும் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்குவோம். 1746-ஆம் ஆண்டில் லா பூர்தொனே என்னும் பிரெஞ்சுத் தளபதி சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். புதுச்சேரியில் ஆளுநர் டியூப்ளேவின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதி வந்தார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் 12 தொகுதிகளாக வெளியிட்டது. இத்தொகுதிகளை ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் இணைய நூலகத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். எதிர்த்தரப்பின் சான்றும் உண்டு. சென்னையை இழந்த ஆங்கிலேயர், கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையிலிருந்து ஆட்சி நடத்தினர். அங்கே எழுதப்பட்ட ஆலோசனைக் குறிப்புகளும் பின்னாளில் அச்சேறியுள்ளன.

இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் படிப்பவருக்கு முதலில் ஒரு திகைப்பு உண்டாகும். கோட்டை வீழ்ந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. இவற்றுள் எது பொய்? இரண்டும் மெய்யே! அந்நாளில் ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியையே பின்பற்றினர். 1752-இல்தான் புதியதற்கு மாறினர். ஆதலால் இரண்டுக்கும் இடையே 11 நாள் வேறுபாடு இருந்தது. பிள்ளையவர்களோ அட்சய ஆண்டு, புரட்டாசி மாதம் என்று தமிழ்க் கணக்கையும் குறித்துச் செல்கிறார். எனவே, தேதியைக் கண்டவுடன் அது எந்த நாட்காட்டியின் தேதி என்று கேட்பது முதற்பாடம்.

இரண்டாவது பாடம், எழுதியவர் எங்கே இருந்தார், யாருக்காக எழுதினார் என்று கேட்பது. பிள்ளையவர்கள் அப்போது புதுச்சேரியில் இருந்தார். முற்றுகையைக் கண்ணால் கண்டவரல்லர். ஆனால் டியூப்ளேவின் அவைக்கு வந்த செய்திகளுக்கும், அங்கே எழுந்த வாதங்களுக்கும் அவரைவிட நெருங்கிய தமிழ்ச் சாட்சி அரிது. ஆங்கில அலுவலரோ இலண்டனிலிருந்த தம் கம்பெனி மேலவர்க்கு விளக்கம் கூறக் கடமைப்பட்டவர். ஒவ்வொருவரும் தத்தம் நிலையிலிருந்தே பேசுகின்றனர். இதனை உணர்ந்து படித்தால், ஒருதலைச் சார்பும் நமக்கொரு சான்றாகிவிடும்.

இனித் தேடும் முறையைக் காண்போம். ஆங்கில ஆவணங்களில் ஊர்ப்பெயர்கள் இன்றைய வடிவில் இரா. தஞ்சாவூரை ‘டாஞ்சூர்’ என்றும், திருநெல்வேலியை ‘டின்னவெல்லி’ என்றும், திருச்சிராப்பள்ளியை ‘டிரிச்சினாப்பொலி’ என்றும் அக்காலத்தார் எழுதினர். அவ்வடிவங்களிலேயே தேடுதல் வேண்டும். பழைய அச்சைப் படிக்கும் இயந்திரம் எழுத்துகளைத் தவறாகக் கொள்வதும் உண்டு. ஆகவே, தேடிய சொல் அகப்படவில்லை என்றால் செய்தியே இல்லை என்று முடிவு கட்டலாகாது. நூலின் பொருளடக்கத்தையும் இறுதியிலுள்ள அகராதியையும் பக்கம் பக்கமாகப் பார்த்தல் நலம்.

இந்திய தேசிய ஆவணக் காப்பகம் ‘அபிலேக் படல்’ என்னும் இணையவாயிலின் மூலம் தன் ஆவணப் பட்டியலையும், படியெடுக்கப்பட்ட கோப்புகளையும் மக்களுக்கு வழங்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் கிடைக்கின்றன. இன்னும் இணையத்தில் ஏறாத ஏடுகள் ஏராளம் என்பதையும் மறத்தலாகாது. அவற்றின் கோப்பு எண்ணையேனும் பட்டியலில் கண்டுகொண்டால், காப்பகத்துக்குச் செல்லும் நாளில் பாதி வேலை முடிந்ததாகும்.

“நம்மவர் இவ்வூருக்கு எப்போது வந்தனர்?” என்று நம் பிள்ளைகள் கேட்பதுண்டு. செவிவழிக் கதையைச் சொல்லி அமைவதைவிட, மக்கள் தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளைப் புரட்டிக் காட்டலாம். 1881 முதல் வெளிவந்த இவ்வறிக்கைகளில் பல, இணையத்தில் உள்ளன. அவற்றிலுள்ள மொழி அட்டவணைகளில் அந்தந்த மாகாணத்தில் தமிழ் பேசியோரின் எண்ணிக்கையைத் தேடிக் காணலாம். இங்கும் எச்சரிக்கை வேண்டும். பம்பாய் மாகாணத்தில் 1936 வரை சிந்துப் பகுதியும் அடங்கியிருந்தது. எல்லை மாறியதை அறியாமல் எண்களை ஒப்பிட்டால் பிழையான முடிவே கிட்டும்.

அரசாங்கம் எண்ணிக்கையைக் குறிக்கும். வாழ்க்கையைக் குறிப்பது அரிது. நம் சங்கங்களின் கூட்டக் குறிப்பேடு, உறுப்பினர் பதிவேடு, விழா அழைப்பிதழ், ஊரிலிருந்து வந்த கடிதம் ஆகியவை வருங்காலத்தார்க்கு மூலச் சான்றுகள். அவை பரணில் கிடந்து செல்லரித்துப்போனால் எந்த இணையத்திலும் தேடிப் பெற இயலாது. கைப்பேசியால் அவற்றைப் பக்க வரிசை மாறாமல் படமெடுத்து, எழுதியவர், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்துவைத்து, மூலத்தையும் பத்திரப்படுத்துவோமாக. பிறர் காத்து வைத்த ஏடுகளால் இன்று நாம் பயன் பெறுகிறோம். நம் ஏடுகளைக் காத்து வைப்பது நாம் செலுத்த வேண்டிய கடன்.