உறைபனி மாதத்து வீட்டுக் கணக்கு

டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். ஜனவரியில் மூணாறில் குடித்தனம் நடத்த என்ன செலவாகும், அதில் எதைக் குறைக்கலாம் என்று பார்ப்போம். கணக்கு கொஞ்சம் நீளும். ஆனால் கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஜனவரியில் கணவாய்க் காற்று சுழற்றி அடிக்கும். உதடு வெடிக்கும், தோல் வறளும், அதோடு சரி. இடுக்கி எல்லையில், மூணாறைச் சுற்றியுள்ள செண்டுவரை, லட்சுமி, கன்னிமலை பகுதிகளில் அதே மாதம் வெப்பமானி சுழியத்தைத் தொடும். சில ஆண்டுகளில் அதற்கும் கீழே போகும். 2019 ஜனவரித் தொடக்கத்தில் அப்படிப் பல நாள் போனது. காஷ்மீரைப் போல இங்கே வானிலிருந்து பனி கொட்டுவதில்லை. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அங்கே புல் நுனியிலும் தேயிலையிலும் உறைபனி பிடிக்கிறது. அதனால்தான் மேட்டில் உள்ள லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல் பச்சையாக இருக்கும்போதே ஓடையோரத்து லயத்து வாசல் வெளுத்துக் கிடக்கும்.

இந்த மாதத்தின் முதல் அடி செலவில் இல்லை, வரவில் விழுகிறது. உறைபனி பிடித்த கொழுந்தைக் காலையில் பார்த்தால் ஓரத்தில் உப்புத் தூவியதுபோல் இருக்கும். வெயில் ஏறியதும் பனி உருகும். உள்ளே இலையின் செல்கள் ஏற்கெனவே உடைந்திருக்கும். சீக்கிரமே இலை பழுப்பேறி, பிறகு கருகிவிடும். அந்தச் செடி மறுபடி துளிர்த்துக் கொழுந்து விட வாரக்கணக்கில் ஆகும். தோட்டத் தொழிலாளிக்கு நாள்கூலி உண்டு. நிர்ணயித்த எடைக்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக்காசும் உண்டு. கொழுந்து நிறைய வரும் மாதங்களில் மளிகைக் கடன் அடைவது, பிள்ளைக்குச் செருப்பு வாங்குவது எல்லாம் இந்தத் தனிக்காசில்தான். கருகிய தேயிலைக் காட்டில் அது நின்றுவிடும். செலவு ஏறும் மாதமும் வரவு இறங்கும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன. நடுவில் பொங்கலும் வந்து நிற்கும்.

இனி செலவுப் பக்கம். அதில் பெரியது வெந்நீர்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோ கலோரி வேண்டும். ஒரு வாளி 15 லிட்டர். குளிக்க 40 டிகிரி போதும். சித்தூரில் தொட்டித் தண்ணீர் 26 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஏற்ற வேண்டியது 14 டிகிரி, ஆக 210 கிலோ கலோரி. மூணாறில் விடியற்காலைத் தண்ணீர் 12 டிகிரி என்றால் 28 டிகிரி ஏற்ற வேண்டும், 420 கிலோ கலோரி. சரியாக இரண்டு பங்கு. ஒரு கிலோ சமையல் வாயுவில் ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி இருக்கிறது. அடுப்பின் ஓரத்தில் வீணாவது போகப் பாத்திரத்துக்குள் சேர்வது 7,000 அளவுதான். அப்படியானால் வாளிக்கு 60 கிராம். நான்கு பேர், 30 நாள்: 7.2 கிலோ. வீட்டுச் சிலிண்டரில் இருப்பதே 14.2 கிலோ. பாதிச் சிலிண்டர் குளியலுக்கே போய்விடுகிறது.

இதைக் குறைக்க வழி வானமே காட்டுகிறது. இரவு உறைபனி பிடிக்கக் காரணமான அதே மேகமின்மையால் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். கறுப்பு டிரம்மில் தண்ணீர் பிடித்து, காற்று படாத சுவரோரம் வெயிலில் வைத்து மூடிவிடுங்கள். மாலையில் அது 26 டிகிரிக்கு வந்திருந்தாலே எரிபொருள் பாதியாகக் குறையும். விடியற்காலைக் குளியலை வேலை முடிந்து வந்த பிறகு வைத்துக்கொண்டால் போதும். விறகு எரிப்பவர்களுக்கும் அதே வெயில்தான் துணை. ஈர விறகின் சூட்டில் ஒரு பகுதி அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியோ கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) மரத்துண்டோ, பிளந்து உலர்த்தி அடுக்கிய பிறகே அடுப்புக்குப் போகட்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி. ஆகவே வாட்டர் ஹீட்டர் ராடு போட்டால் வாளிக்கு அரை யூனிட், நான்கு பேருக்கு மாதம் 60 யூனிட். 1,000 வாட் அறை ஹீட்டரை இரவில் நான்கு மணி நேரம் ஓட்டினால் மாதம் 120. விளக்கு, டிவி, மிக்ஸிக்கு 80 என்று வைத்தால் மொத்தம் 260. இங்கேதான் உஷார். மூணாறு பகுதியில் மின்சாரம் வழங்குவது கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் கம்பெனி, மாநில மின்வாரியம் இல்லை. ஆனால் கட்டண விகிதம் கேரளம் முழுவதும் ஒன்றுதான். மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக விகிதம் ஏறும். முதல் யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை கிடைக்கும். 250ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய், முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விகிதம். கடைசிப் பத்து யூனிட் மொத்த பில்லையே ஏற்றிவிடும்.

அறை முழுவதையும் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக வைத்திருப்பது மலிவு. இரண்டாவது கம்பளி ஒருமுறைச் செலவு. படுக்கும் பாய்க்கு அடியில் சாக்கை மடித்து விரித்தால் சிமெண்டுத் தரை சூட்டை உறிஞ்சாது. கதவடி இடுக்கைப் பழந்துணி உருளையால் அடையுங்கள். ஆனால் கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

மீதி இருப்பது கூரை. தகரம் இரவில் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லிட்டுப் போகும். அடியில் தட்டி அடித்துவிட்டால் அறையில் வித்தியாசம் தெரியும். இந்த மாதச் செலவுகளில் பலன் நீடிப்பது இதற்குத்தான். ஆனால் லயம் தொழிலாளியின் சொத்து இல்லை. வீடு கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு தரச் சொல்லி மாநில அரசு விதி வகுக்கவும் அதில் இடம் இருந்தது. ஆகவே ஒழுகும் தகரம், இல்லாத தட்டி, வராத கம்பளி பற்றிய மனு வீட்டுக் கணக்கின் ஒரு வரிதான். அதை டிசம்பரில் எழுதினால் குளிர் முடிந்த பிறகுதான் பதில் வரும். ஆகஸ்டிலேயே, லயத்தார் எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

சொந்தக் காசில் செய்வதற்கும் காலம் உண்டு. வடகிழக்கு மழையை ஒட்டிக் கொழுந்து பொங்கும் மாதங்களில் தனிக்காசு கையில் புரளும். போனஸ் பேச்சும் ஓணம், தீபாவளியை ஒட்டித்தான் நடக்கும். 2015 செப்டம்பரில் மூணாறுப் பெண் தொழிலாளர்கள் சாலையில் உட்கார்ந்தது போனஸ் 20 சதவீதம் வேண்டும் என்றுதான். அந்த மொத்தத் தொகையை நம்பித்தான் வீடுகள் பெரிய செலவுகளைத் தள்ளிவைக்கின்றன. கம்பளி, டிரம், தட்டி மூன்றையும் அந்தப் பணத்தில் முடித்துவிட்டால் ஜனவரியில் தினம் எரிக்கும் காசு குறையும். கூடவே ஒரு சிறு சீட்டையும் பொங்கலுக்கு முந்தைய வாரம் கைக்கு வரும்படி போட்டு வைத்தால், கருகிய காட்டின் பள்ளத்தை வட்டிக்காரர் வாசலுக்குப் போகாமலே தாண்டிவிடலாம்.