வாலைப் பாருங்கள், நிறத்தை அப்புறம் பார்க்கலாம்

ஆண்டிபட்டிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை. புரட்டாசி பிறந்ததும் அவர் ஊர்க் கண்மாய்க் கரைக்கு வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் சின்னக் குருவிகள் வந்துவிடுகின்றனவாம். பறவை நூலை விரித்தால் வாலாட்டிகளே ஐந்தாறு இருக்கின்றன. ‘படத்தில் மஞ்சள் பளீரென்று இருக்கிறது. கரையில் நிற்பதோ சாயம் போன துணி மாதிரி இருக்கிறது. எதை எதோடு பொருத்துவது?’ என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. புரட்டாசி, ஐப்பசியில் பறவை பார்க்கத் தொடங்கும் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. பறவைகள் ஏன் வலசை வருகின்றன, எங்கிருந்து வருகின்றன என்பதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். அடையாளம் காண்பதை மட்டும் பேசுவோம்.

நூல்களில் பெரிதாக வரைந்திருப்பது பெரும்பாலும் கூடுகட்டும் காலத்து ஆண் பறவையை. நம் ஊருக்கு வந்திறங்குவதோ இணைசேரும் காலம் முடிந்து, அந்த மினுக்கான இறகுகளை உதிர்த்துவிட்ட பறவை. கூடவே அந்த ஆண்டு ஆனி, ஆடியில் பொரித்த குஞ்சுகளும் வருகின்றன. அவற்றுக்கு மஞ்சளே சரியாகப் பிடித்திருக்காது. கல்யாணக் கோலத்தில் எடுத்த மாப்பிள்ளைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதே ஆளை நாற்றங்காலில் சேற்றோடு நிற்கும்போது தேடினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். பங்குனியில் அதே கண்மாய்க்குப் போய்ப் பாருங்கள். மஞ்சள் ஏறி, சாம்பல் வாலாட்டியின் ஆணுக்குத் தொண்டை கறுத்து, படத்தில் இருப்பதுபோலவே ஆகியிருக்கும். ஆனவுடன் கிளம்பியும் விடும்.

ஆகவே நிறத்தைக் கடைசிக்கு வையுங்கள். என் அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தெருமுனையில் ஆள் திரும்பும்போதே, “காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு வர்றான் பாரு, உன் சித்தப்பன்தான்” என்று சொல்லிவிடுவார். முகமோ சட்டையோ அவருக்குத் தெரியாது. நடையும் சாயலும் போதும். வலசைப் பறவைகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அப்பத்தாவின் அந்தத் திண்ணையைத்தான் நினைத்துக்கொள்கிறேன். என்ன செய்கிறது, எங்கே நிற்கிறது, எப்படி நடக்கிறது, பறந்தால் என்ன குரல் கொடுக்கிறது. இவை நான்கும் தெரிந்தால் முக்கால்வாசி முடிந்தது.

வாலாட்டிகளில் முதலில் கழித்துவிட வேண்டியது வெண்புருவ வாலாட்டியை. கோயில் தெப்பக்குளத்துப் படியிலும் அணைச் சுவரிலும் ஆண்டு முழுக்க இருக்கும் உள்ளூர்க்காரர் அது. உருவத்தில் பெரியது, கறுப்பும் வெள்ளையும், கண்ணுக்கு மேல் அகலமான வெள்ளைப் புருவம். மற்றவை எல்லாம் விருந்தாளிகள்.

அந்த விருந்தாளிகளில் முந்தி வருவது சாம்பல் வாலாட்டி. ஆவணி முடிவதற்குள் மேற்கு மலை ஓடைகளில் பாறைக்குப் பாறை தாவிக்கொண்டிருக்கும். வாலாட்டிகளிலேயே நீண்ட வால் இதனுடையதுதான். வால் மட்டும் ஆடாது, பின்பாதி உடம்பே ஏறி இறங்கும். மஞ்சள் வாலாட்டிக்கு ஓடை வேண்டாம், மாடு வேண்டும். மேயும் மாட்டின் காலடியில் கிளம்பும் ஈக்களைப் பிடித்தபடி கூடவே நடக்கும். இரண்டுக்கும் வயிற்றில் மஞ்சள் இருப்பதால் குழப்பம் வரும். அப்போது கால்களைப் பாருங்கள். சாம்பல் வாலாட்டிக்கு வெளிறிய இளஞ்சிவப்பு, மஞ்சள் வாலாட்டிக்குக் கறுப்பு. இறகு மாறினாலும் இது மாறாது. மஞ்சள் தலை வாலாட்டி என்று இன்னொன்று நீர்ச்செடிகளின் ஓரத்தில் திரியும். முதல் ஆண்டுக் குஞ்சுக்குத் தலையில் மஞ்சள் இருக்காது. ஆனால் கன்னத்தைச் சுற்றி ஒரு வெளிர் வளையம் முழுதாக ஓடும். மஞ்சள் வாலாட்டிக்கு அந்த வளையம் அப்படி முழுதாக மூடாது.

வாலை ஆட்டுவதெல்லாம் வாலாட்டியும் இல்லை. உள்ளானும் ஆட்டும். கரையோரத்தில் தனியாக, குனிந்து, பின்புறத்தை இடைவிடாமல் தூக்கித் தாழ்த்திக்கொண்டு நடக்கும் பழுப்புப் பறவை உள்ளான். மடக்கிய இறக்கைக்கு முன்னால், தோள்பக்கம் ஒரு வெள்ளைக் கீற்று மேலேறியிருக்கும். விரட்டினால் இறக்கையை விறைப்பாக வளைத்து, சிறு சிறு துடிப்புகளாக அடித்தபடி நீரை ஒட்டியே பறந்துபோய் அடுத்த கரையில் இறங்கும். அப்படிப் பறப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு அதற்கு நூல் தேவையில்லை.

ஏன் ஆட்டுகின்றன? வாலாட்டியும் உள்ளானும் பங்காளிகள்கூட இல்லை, வேறுவேறு குலம். இமயமலை ஓடைகளில் முங்கி இரை தேடும் பறவை ஒன்றும் இப்படித்தான் உடம்பைக் குலுக்கும். அமெரிக்கக் கண்டத்து ஓடைக்கரைப் பறவைகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. ஒன்றுக்கொன்று உறவில்லாத இத்தனை பறவைகள் ஓடும் நீரின் பக்கத்தில் வாழ வந்து ஒரே பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அசையும் நீரில் அசையாமல் நிற்பது எடுப்பாகத் தெரிந்துவிடும், அதனால் தானும் அசைந்து கலந்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். பூச்சிகளைக் கிளப்பிவிடுவதற்காக என்பது இன்னொன்று. ஜெர்மானிய ஆய்வாளர் கிறிஸ்டோஃப் ராண்ட்லர் 2006இல் வெள்ளை வாலாட்டியைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். வாலாட்டத்தைப் பறவையின் விழிப்போடு தொடர்புபடுத்துகிறது அது. ‘உன்னைப் பார்த்துவிட்டேன், என்மேல் பாய்ந்து பயனில்லை’ என்று வல்லூறுக்கு வால் சொல்லும் சேதியாக இருக்கலாம் என்கிறார். எனக்கு இந்த விளக்கம்தான் பிடித்திருக்கிறது. ராத்திரிக் காவல்காரர் கம்பைத் தரையில் தட்டிக்கொண்டே போவது யாரையும் அடிப்பதற்காக இல்லையே.

இந்த இடத்தில் என் செல்லப் பறவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லா வாலாட்டியும் மேலும் கீழுமாக ஆட்டும்போது, ஒன்று மட்டும் இடமும் வலமுமாக ஆட்டுகிறது. கொடிக்கால் வாலாட்டி.

சின்னமனூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. வரிசையாக அகத்தி நட்டு அதில் கொடியை ஏற்றிவிடுவோம். வரிசைகளுக்கு நடுவே வாய்க்காலில் எப்போதும் ஈரம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கால் வைத்தால் குளிர்ந்துவிடும். அப்பா வெற்றிலை கிள்ளிக்கொண்டே முன்னே போவார். கவுளி கட்ட வாழைநார் எடுத்துக்கொண்டு நான் பின்னால் போவேன். ஓர் ஐப்பசிக் காலையில் பத்தடி தூரத்தில் சருகு அசைந்தது. முதலில் பறவை தெரியவே இல்லை. பச்சையும் பழுப்பும் கலந்த முதுகு, சருகோடு சருகாக. அது திரும்பியதும் வெள்ளை நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டைகள் தெரிந்தன. மேலே உள்ளது மாலை போட்டதுபோல் முழுதாக, கீழே உள்ளது நடுவில் அறுந்து. இறக்கையில் இரண்டு வெளிர் கோடுகள். நின்றது. பிறகு பின்பாதி உடம்போடு சேர்த்து வாலை இடப்பக்கம் சாய்த்தது, வலப்பக்கம் சாய்த்தது. ஒரு சருகைப் புரட்டியது. மறுபடி இடம், வலம். அப்பா, “அது வருசா வருசம் வரும்” என்று மட்டும் சொன்னார். நான் ஓரடி எடுத்து வைத்ததும் ‘பிங்க்’ என்று ஒற்றைக் குரல் கொடுத்து அகத்திக் கிளையில் ஏறிக்கொண்டது. ஏறியதும் உட்காரவில்லை. கிளையின் மேலேயே நடந்துபோயிற்று.

அந்தக் கிளைநடை ஒரு முக்கியமான அடையாளம் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. வாலாட்டிக் குடும்பத்திலேயே மரத்தில் கூடு கட்டுவது இது ஒன்றுதான். மற்றவை தரையிலோ, கரைப் பொந்திலோ, சுவர் இடுக்கிலோ கட்டும். அதன் அறிவியல் பெயர் டென்ட்ரோனாந்தஸ் இண்டிகஸ். முதல் சொல்லில் மரம் இருக்கிறது, இரண்டாவதில் இந்தியா இருக்கிறது. 1789இல் க்மெலின் அதற்குப் பெயரிட்டபோது இந்தியாவை ஒட்டவைத்தார். ஆனால் அது பெரும்பாலும் குஞ்சு பொரிப்பது கொரியா, வடகிழக்குச் சீனா, ரஷ்யாவின் தூரகிழக்குக் காடுகளில். கொரியாவிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு நேர்க்கோட்டில் அளந்தாலே ஏறக்குறைய 5,800 கிலோமீட்டர். இருபது கிராம்கூடத் தேறாத உடம்பு அது. கேரளத்துக் காப்பித் தோட்டங்கள், இலங்கைக் காடுகள் வரைக்கும் போகிறது. தமிழ்ப்பெயர்தான் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. நிழல், ஈரம், சருகு மூன்றும் சேர்ந்த இடம் எது என்றால், இந்தச் சமவெளியில் கொடிக்காலைவிட வேறு எதைச் சொல்வது? மற்ற வாலாட்டிகள் ஓடும் நீரோடு மேலும் கீழும் அசைகின்றன என்றால், இது காற்றில் ஆடும் இலைநிழலோடு பக்கவாட்டில் அசைகிறதோ என்று நினைத்துக்கொள்வேன். இது என் நினைப்புதான். ஆய்வு சொன்னது இல்லை.

அந்தக் கொடிக்கால் இப்போது இல்லை. வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள்.

கண்மாய்க்கும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் அழகுபடுத்தினார்கள். கரையைச் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, மேலே நடைபாதையும் விளக்கும் போட்டார்கள். தண்ணீர் நிறைய நிற்கிறது, மறுக்கவில்லை. சேறு போய்விட்டது. சேறு என்றால் அசிங்கம் என்று நாம் நினைக்கிறோம். வலசைப் பறவைக்கு அதுதான் பந்தி. சரிவான கரையில் வெயில் காலத்தில் நீர் உள்வாங்க, ஈரச் சேறு ஒரு வளையமாக வெளியே வரும். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதற்கு முன், புரட்டாசியில் அந்த வளையம் அகலமாக இருக்கும். சரியாக அப்போதுதான் இவை வந்து இறங்குகின்றன. துருவத்தை ஒட்டிய சமவெளியிலிருந்து வரும் கொசு உள்ளான் ஈரச் சேற்றின் மேலேயே கொத்தும். பொறி உள்ளான் கணுக்கால் நீரில் நிற்கும். பச்சைக்காலி இன்னும் உள்ளே போகும். கருவால் மூக்கன் வயிறு நனையும் வரை இறங்கி, நீண்ட அலகைச் சேற்றுக்குள் விடும். ஒவ்வொன்றுக்கும் கால் நீளத்துக்குத் தக்க வரிசை. கரையைச் செங்குத்தாக்கினால் ஒரு வரிசைகூட மிச்சமில்லை. முன்பு அந்தக் கண்மாயில் ஒரு காலையில் முப்பது உள்ளான்கள் வரை எண்ணியிருக்கிறேன். போன ஐப்பசியில் பார்த்தது இரண்டு. கரையின் ஒரு பக்கத்தையாவது பழைய சரிவில் விட்டிருக்கலாம். செலவும் குறைந்திருக்கும். இனி கண்மாயைச் சீரமைக்க வருகிறவர்களிடம் ஊர்க்காரர்கள் இந்த ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

கடிதத்தோடு தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பருவம் அதுதான் என்பதால். வலசைப் பறவைகளில் பல இரவில் பறப்பவை. ஐப்பசி விடியலில் உங்கள் வராந்தாவில், பச்சையும் நீலமும் செம்மையுமாக வாலே இல்லாததுபோல் ஒரு பறவை சோர்ந்து கிடந்தால், அது ஆறுமணிக்குருவி. ராத்திரி விளக்கில் தடுமாறிக் கண்ணாடியில் மோதியிருக்கும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டில் சில மணி நேரம் அமைதியாக விட்டுவிடுங்கள். அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். தெளிந்ததும் புதர் ஓரம் விட்டால் நடந்து போய்விடும். பிள்ளைகள் ஆளுக்கொரு கையாக மாற்றி மாற்றிப் பார்ப்பதும், படம் எடுப்பதும் வேண்டாம்.

ஆசிரியை அம்மாவுக்கு: உங்கள் மாணவர்களுக்கு ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், இடம், வால் எப்படி ஆடியது, கால் என்ன நிறம், குரல் என்ன என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் இடம் விட்டுவைக்கட்டும், பங்குனியில் நிரப்பிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு அதே புரட்டாசியில் அந்த நோட்டைத் திறந்தால், எது எந்த வாரம் வந்தது என்பது உங்கள் கண்மாய்க்கு மட்டுமே உரிய கணக்காக இருக்கும். நீங்கள் பார்த்த குருவியின் கால் கறுப்பா, இளஞ்சிவப்பா என்று கடிதத்தில் இல்லை. பார்த்து எழுதுங்கள். பக்கத்தில் மாடு மேய்ந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.