கூண்டுக்குள் ஒரு காடு – 9: ஏறும் பாம்புக்குப் பிடிமானம்

அமெரிக்கா, ஜெர்மனி, பிரிட்டன் போன்ற நாடுகளில் நாய், பூனை வரிசையில் பாம்பும் வீட்டுப் பிராணிதான். அதிகம் வளர்க்கப்படுபவை கார்ன் ஸ்நேக்கும் பால் பைத்தானும் (ball python). கார்ன் ஸ்நேக் நன்றாக மரம் ஏறும். பால் பைத்தானை மட்டும் தரைவாசி என்று சொல்லி, ஒளிய ஒரு பொந்தும் தண்ணீர்க் கிண்ணமும் போதுமென்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை. நைஜீரியாவில் நடந்த கள ஆய்வு, சிறிய ஆண் பால் பைத்தான்கள் மரமேறிப் பறவைகளைப் பிடித்து உண்பதைக் காட்டியது. விசாலமான கூண்டில் கிளை வைத்துக் கொடுத்தால் அவை ஏறுகின்றன என்று 2021-ல் வெளியான மியூனிக் ஆய்வும் சொல்கிறது.

நம் நாட்டுச் சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாகம், சாரை, மலைப்பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்திருக்கிறது.

கையும் காலும் இல்லாத பாம்பு செங்குத்தாக ஏறுவது உடலால் இறுக்கிப் பிடித்துத்தான். உணரி பொருத்திய தூணில் பாம்புகளை ஏறவிட்டு அளந்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட முடிவு இது: விழாமலிருக்கத் தேவையானதைவிட மிக அதிக விசையோடு அவை பிடிக்கின்றன. வலு வீணானாலும் பரவாயில்லை, விழக் கூடாது என்பதே அவற்றின் கணக்கு. வழவழப்பான பரப்பு பாம்பை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு குவாம் தீவில் ஒரு சான்று உண்டு. பறவைக் கூடுகளைக் காக்க அங்கே கம்பத்தில் உலோக உருளை மாட்டியிருந்தார்கள். பழுப்பு மரப்பாம்பு தன் உடலையே சுருக்குக் கயிறாக வளைத்து அதிலும் ஏறியது. ஆனால், வழுக்கி, நின்று, மூச்சு வாங்கி, அங்குலம் அங்குலமாகத்தான்.

வீட்டில் ஏணி செய்பவர்கள் முதலில் எடுப்பது பி.வி.சி. குழாய். விலை மலிவு, கழுவலாம், உளுத்துப் போகாது. ஆனால், வெறும் குழாயை வைக்காதீர்கள். சணல் கயிறோ தேங்காய் நார்க் கயிறோ எடுத்து, பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை ஒட்டி இறுகும்படி சுற்ற வேண்டும். இடைவெளி விட்டால் பாம்பு அங்கே தலையை நுழைக்கும். கயிற்றின் நுனியைக் குழாயில் துளையிட்டு உள்ளே விட்டு முடிச்சுப் போடுங்கள். டேப் ஒட்டவே கூடாது. பசை செதிலில் ஒட்டிக்கொண்டால், பிய்த்தெடுக்கும்போது தோலும் சேர்ந்து கிழியும். கயிறு பூஞ்சை பிடித்தாலோ நைந்து பிரிந்தாலோ மாற்றிவிட வேண்டும்.

என்னைக் கேட்டால் நிஜக் கிளைக்கு ஈடு எதுவுமில்லை. சொரசொரப்பான பட்டை ஏறவும் உதவும், சட்டை உரிக்கவும் உதவும். பைன், தேவதாரு வகைகள் வேண்டாம். அவற்றின் பிசினும் எண்ணெயும் பாம்புக்கு ஆகாது. ஓக், ஆப்பிள் மரக் கிளைகள் நல்லவை. பூச்சிமருந்து படாத மரமாகப் பார்த்து எடுத்து, தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, நன்றாகக் காயவைக்க வேண்டும். கிளையின் பருமன் ஏறக்குறைய பாம்பின் உடல் பருமனாவது இருக்கட்டும். பொந்துள்ள கட்டையானால் இன்னொன்றையும் யோசியுங்கள்: வெறும் வயிற்றில் சுலபமாக நுழையும் பாம்பு, எலியை விழுங்கிய பிறகு அதே பொந்தில் சிக்கிக்கொள்ளும்.

ஆபத்து பெரும்பாலும் பொருத்துவதில்தான் இருக்கிறது. கனமான கட்டையையும் கல்லையும் தூவிய மண்ணின் மேல் வைக்காதீர்கள். பாம்பு அடியில் குடைந்தால் அதன் மேலேயே சரியும். முதலில் கூண்டின் தரையில் நிறுத்திவிட்டு, அதன் பிறகு மண்ணை நிரப்ப வேண்டும். மரக்கூண்டானால் வெளியிலிருந்து ஸ்க்ரூ போட்டு இறுக்கலாம். முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கண்ணாடித் தொட்டியானால் கிளையின் அடியைக் கனமான பலகையில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தலாம். மீன்தொட்டிக்கான சிலிக்கான் பசை பூசினால், அது முழுதாகக் காய்ந்து புளித்த வாடை போகும்வரை பாம்பை விட வேண்டாம். வெப்பவிளக்குக்குக் கம்பிவலைக் கூடு கட்டாயம். தோல் வெந்துகொண்டிருக்கும்போதும் பாம்பு நகராமல் கிடப்பதுண்டு. உயரத்திலும் ஆசை வேண்டாம். கனத்த பாம்புக்குத் தாழ்வான, அகலமான கிளைதான் நல்லது.

கட்டி முடித்ததும், பாம்பின் எடையைப் போல இரண்டு மடங்கு எடையைக் கிளை நுனியில் தொங்கவிட்டு, ஓர் இரவு அப்படியே விட்டுவையுங்கள். காலையில் கிளை கொஞ்சம் ஆடினாலும் பாம்பை விடாதீர்கள். பிரித்து மறுபடி பொருத்துங்கள்.

(தொடரும்)