மூலையில் கிடக்கும் ஜெனரேட்டர்

தில்லியில் குடியேறிய நம்மவர் பலருடைய வீட்டுப் பால்கனியில், பழைய பாய்க்கு அடியில் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று கிடக்கும். கோடை மின்வெட்டுக்காக வாங்கியது. இன்வெர்ட்டர் வந்தபின் அதற்கு வேலை குறைந்துவிட்டது. காலனிப் பூங்காவில் பொங்கல் விழா, மைக்குக்கு மின்சாரம் வேண்டும் என்றால்தான் அதன் நினைவே வரும். அன்று கயிற்றை இழுத்தால் தோள் வலிக்குமே தவிர, எஞ்சின் கிளம்பாது.

இந்தச் சிறு எஞ்சின்கள் ஓடிக் கெடுவதைவிடச் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம். கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் சில மாதங்களில் ஆவியாகி, மிச்சம் பிசின் போலாகி, ஜெட் என்னும் ஊசித் துளையை அடைத்துவிடும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகம் சேர்ந்தால் அடியில் பிரிந்து நின்று உலோகத்தை அரிக்கும். ஆகவே எடுத்து வைக்குமுன் டாங்கைக் காலி செய்யுங்கள். பிறகு பெட்ரோல் காக்கை மூடி, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட விடுங்கள். சூடு ஆறியதும் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி மீதியையும் வடித்துவிடுங்கள். வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். புதிதாக இருந்தால் ஸ்கூட்டருக்கு ஆகும்.

பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். கடைசியாகக் கயிறு கனக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும்; ஈரம் உள்ளே போகாது. பழைய ஆயிலை மாற்றிவிட்டு வைப்பது இன்னும் நல்லது.

கிளம்பவில்லையா? முதலில் சுவிட்ச், காக், சோக், ஆயில் அளவு பாருங்கள். பல மாடல்களில் ஆயில் குறைந்தாலோ, தரை சாய்ந்திருந்தாலோ ஸ்பார்க் வராமல் தடுக்கும் சாதனம் உண்டு. இது தெரியாமல் மெக்கானிக்கைத் தேடி அலைபவர்கள் பலர். அடுத்து பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். நனைந்திருந்தால் சோக் அதிகமாகிவிட்டது, அல்லது ஸ்பார்க் இல்லை. துடைத்து, இடைவெளி 0.7 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். எஞ்சின் ஓடியும் மின்சாரம் வராவிட்டால் பிரேக்கரைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், மேற்கொண்டு கைவைக்காமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள். கிடக்கும் இடத்திலேயே, அதாவது பால்கனியிலேயே, ஓட்டுவது பலர் வழக்கம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னல் வழியே படுக்கையறைக்குள் வந்தால், தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடலாம். திறந்த வெளியில், கதவு ஜன்னல்களுக்கு எட்ட, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல் வையுங்கள். மாடி வீட்டில் அதற்கு இடமில்லை என்றால் ஜெனரேட்டரே வேண்டாம் என்பேன்.

இரண்டாவது, இருபுறமும் பிளக் உள்ள ஒயரால் சுவர் சாக்கெட்டில் மின்சாரத்தை ஏற்றும் குறுக்கு வழி. ரயில்வேயில் 25,000 வோல்ட் மேல்நிலைக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும், இருபக்கமும் எர்த் செய்யாமல் ஆளை ஏற்ற மாட்டோம். எங்கிருந்து மின்சாரம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. மெயினை அணைக்க மறந்தால் உங்கள் 230 வோல்ட் தெரு டிரான்ஸ்பார்மர் வழியே பின்னால் போய் 11,000 வோல்ட்டாக ஏறலாம். அப்போது கம்பத்தில் ஒரு லைன்மேன் இருப்பார். மின்சாரம் திரும்பி வந்தால் உங்கள் ஜெனரேட்டரும் எரியும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். அதுவரை விளக்கையும் ஃபேனையும் ஜெனரேட்டரின் சாக்கெட்டிலேயே நேராகச் செருகிக்கொள்ளலாம்.