கண்ணைச் சுடும் லேசர்! காக்கும் கண்ணாடி எது?

1960-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அதன் ஒளி சிவப்பு. ஆனால், 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் கண்ணுக்கே தெரியாது! தெரியாமலே உள்ளே புகுந்து விழித்திரையைச் சுட்டுவிடும். வலிக்காது, பார்வை போய்விடும்!

வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி போதாதா? போதாது. 532 நானோமீட்டர் என்பது பச்சை லேசர். அதைத் தடுக்கும் கண்ணாடி 1064-ஐத் தடுக்காமல் விட்டுவிடலாம். ஆகவே, லேசரின் எண் கண்ணாடியில் பொறித்துள்ள எண்களுக்குள் அடங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து "ஓ.டி." என்ற எண். அந்த அலைநீளத்துக்கு ஓ.டி. 6 என்றால், 10 லட்சத்தில் 1 பங்கு ஒளிதான் உள்ளே நுழையும். லேசரின் சக்தி கூடக் கூட, இந்த எண்ணும் கூட வேண்டும்.

சரியான கண்ணாடி போட்டிருந்தாலும், கதிரை நேருக்கு நேர் பார்க்கவே கூடாது!