ஏழு நிமிடத்தில் திருப்பதி?

வரைபடத்தில் மீனம்பாக்கத்திலிருந்து ரேணிகுண்டாவுக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். சென்னை விமான நிலையமும் திருப்பதி விமான நிலையமும் அதன் இரு முனைகள். தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழிற்பூங்காவும் அதன் பக்கத்து ஏரியும் அந்தக் கோட்டுக்குச் சற்று வடகிழக்கே, ஏறக்குறைய பாதி வழியில் வரும். கோட்டின் நீளம் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஜெட் விமானம் உச்சியில் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஏழு நிமிடம்!

ஆனால் இந்த ஏழு நிமிடக் கணக்கு எந்த விமானிக்கும் கைகூடாது. அந்த வேகம் 35,000 அடி உயரத்துக்கு உரியது. அங்கிருந்து சீராக இறங்க, ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்பது விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு. மொத்தம் 105 கடல் மைல், அதாவது 194 கிலோமீட்டர். இறங்குவதற்கு மட்டுமே சென்னை-திருப்பதி தூரத்தைப் போல இரு மடங்கு வேண்டும். ஏறுவதற்கு வேண்டியது தனி. எனவே இத்தனை குறுகிய தூரத்தில் விமானம் தாழ்வாகத்தான் பறந்தாக வேண்டும். பத்தாயிரம் அடிக்குக் கீழே வழக்கமான வேக வரம்பு 250 நாட், மணிக்கு 463 கிலோமீட்டர்.

அதோடு காற்று இருக்கிறது. விமானம் எதிர்காற்றில்தான் கிளம்பும், எதிர்காற்றில்தான் இறங்கும். சென்னையின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக இருக்கிறது; ரேணிகுண்டாவிலும் அப்படித்தான். வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது சென்னையில் கடலை நோக்கி எழும்பி, வளைந்து திரும்பி, வடமேற்கே போய், ரேணிகுண்டாவுக்கு மேற்கே சென்று மறுபடி கிழக்கு நோக்கித் திரும்பித்தான் தரையைத் தொட முடியும். கோட்டில் இல்லாத கிலோமீட்டர்கள் இப்படிச் சேர்கின்றன. அட்டவணையில் போடும் பயண நேரமோ நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் நிற்கும்வரை. தரையில் ஊர்வதும் அதில் அடக்கம்.

தூரம் கூடினால் கணக்கு எப்படி மாறுகிறது என்பதற்குச் சென்னை-யாழ்ப்பாணம் நல்ல சான்று. இரண்டும் 80 பாகை தீர்க்கரேகையை ஒட்டியே இருப்பதால், தூரத்தைக் கண்டுபிடிக்க அட்சரேகை ஒன்றே போதும். மீனம்பாக்கம் 12 பாகை 59 கலை, யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் இருக்கும் பலாலி 9 பாகை 47 கலை. வித்தியாசம் 192 கலை. ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், ஆகவே 192 கடல் மைல், சுமார் 355 கிலோமீட்டர். பூமியின் வளைவே அளவுகோலாகிவிடும் இந்த எளிமையை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு தீர்வதில்லை. பலாலி 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமானதும் சென்னையிலிருந்து ஏடிஆர் 72 விமானங்கள் போகத் தொடங்கின. அவற்றின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு. வெறும் வகுத்தலில் 43 நிமிடம் வரும். அட்டவணையிலோ ஒரு மணி நேரத்துக்கும் மேல். ஆனாலும் நடுவில் கடல் இருப்பதால் அந்த விமானத்துக்குப் பொருள் இருக்கிறது.

மிகக் குறுகிய விமானப் பயணமும் உண்டு: ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர்தான். சிறிய விமானம் உயரம் தேடாமல் இரண்டே நிமிடத்தில் போய் இறங்கிவிடும். அங்கேயும் நடுவில் கடல்தான்.

தேர்வாய் கண்டிகையிலிருந்து திருப்பதிக்குக் கடல் இல்லை. ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியாகச் சாலை இருக்கிறது. விமானத்துக்காகத் தெற்கே மீனம்பாக்கம்வரை போய்க் காத்திருக்கும் நேரத்தில் அந்தச் சாலையில் திருப்பதிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.