குகைக்குள் முக்குளிக்கும்போது டேங்க் கோளாறு செய்தால்?

புச்சோங், தாமான் புத்ரா பெர்டானா குட்டையைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2018 அக்டோபர் 3-ஆம் தேதி, குட்டையில் விழுந்த இளைஞரைத் தேடி இறங்கிய தீயணைப்பு மீட்புப் படையின் 6 முக்குளிப்பாளர்கள் பலத்த நீரோட்டத்தில் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 6-இல், தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் காற்று டேங்குகளை வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமன் குனானும் இறந்தார். எல்லாருமே பயிற்சி பெற்றவர்கள்.

ரெடாங், தியோமான் போய் முக்குளிப்பு அட்டை வாங்கியவரா நீங்கள்? அந்த அட்டை குகைக்குச் செல்லாது. கடலில் சிக்கல் வந்தால் மேலே வரலாம். குகையில் தலைக்கு மேல் பாறைதான். வந்த வழியேதான் திரும்பணும்.

அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு விதி. காற்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்ப, மிச்சம் ஆபத்துக்கு. 200 பார் அழுத்தத்தோடு இறங்கினால், 140 காட்டும்போதே திரும்பிடணும். (டேங்கில் இருப்பது ஆக்சிஜன்னு பலர் நினைக்கிறோம். பொதுவாக அது அழுத்தி அடைத்த சாதாரண காற்றுதான்.) 20 மீட்டர் ஆழத்தில் அது மூன்று மடங்கு வேகமாகத் தீரும்.

ரெகுலேட்டர் பழுதாகி காற்று பீறிட்டால்? குகைக்குள் போகிறவர் இரண்டு டேங்க், இரண்டு ரெகுலேட்டர் வைத்திருப்பார். மாற்று ரெகுலேட்டரை வாயில் வைத்து, பழுதான பக்கத்து வால்வை மூடி, விளக்கால் துணைவருக்குச் சைகை காட்டி, வழிக்கயிற்றை விடாமல் வெளியேறணும். காற்றே தீர்ந்தால் துணைவரின் 2 மீட்டர் குழாய்தான் கதி. குறுகலில் ஒருவர் பின் ஒருவராக நகர அவ்வளவு நீளம் வேணும்.

வால்வு இருப்பது தோளுக்குப் பின்னால். கை எட்டுதான்னு கரையிலேயே பாருங்கள், எட்டாவிட்டால் இறங்காதீர்கள்.